காற்றுக்கு எதிரே விரித்த தார்ப்பாய்

வணக்கம் சொல்வதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை மாலை, இதே மைதானத்தில் மழை இறங்கிய அந்தக் கணத்தில், ஓரின் டீக் தார்ப்பாயைக் காற்றுக்கு எதிராக விரித்தது தவறுதலாகவா, வேண்டுமென்றேவா?

எனக்குத் தெரியாது.

என்னை அழைத்தவர்கள் இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை என்பது தலைவரின் முகத்திலேயே தெரிகிறது. இருபத்திரண்டு ஆண்டு பல்கலைக்கழகத்தில் வரலாறு நடத்தியவள், மூன்று ஆண்டு இந்த அணியின் பழைய தாள்களைக் கிளறியவள், மேடையேறியதும் முதல் வார்த்தையாகத் தெரியாது என்கிறாளே என்று நினைக்கிறார். பொறுத்துக்கொள்ளுங்கள். முறைப்படி வணங்கிவிட்டு மறுபடி தொடங்குகிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கி, என் பேச்சு நீண்டால் மணியடிக்கும் உரிமையையும் கையில் வைத்திருக்கும் பெருந்தகை எல்வுட் பாஸ்கம் அவர்களே! லீக்கை வென்றவருக்குத் தரும் வெற்றிக் கொடியை மூன்று முறை இந்த ஊரின் கம்பத்தில் ஏற்றிவைத்து, இன்று ஊன்றுகோல்களோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓடக்காரர் அணியின் முதுபெரும் வீரர்களே! ஆட்டநாள்தோறும் கெளுத்தி மீனைப் பொரித்து, அந்த வாசனையாலேயே எதிரணியின் கண்ணைப் பந்திலிருந்து திருப்பிய தாய்மார்களே! தார்ப்பாயின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு ஓடிய பதினான்கு பேரில் இன்னும் நம்மோடிருக்கும் ஒன்பது பேரே! அனைவருக்கும் மேலாக, இடதுபுறம் முதல் நாற்காலியில், கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி, இந்தப் பெண் என்ன சொல்லப்போகிறாளோ என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஃபெர்ன் டீக் அம்மையார் அவர்களே! கெல்லர் துறையின் பெருமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இன்று எதற்காகக் கூடியிருக்கிறோம்? அதோ, வாசலில் வெள்ளைத் துணி போர்த்தி நிற்கிறதே, அந்தக் கல்லுக்காக. வீரர்களுக்கு மட்டுமே கல் வைத்த இந்த மைதானம் முதல்முறையாக, மண்ணையும் புல்லையும் பராமரித்த ஒரு மைதானக்காரருக்குக் கல் வைக்கிறது. ஓரின் டீக் என்ற பெயரைச் செதுக்கியாகிவிட்டது. பெயருக்குக் கீழே ஒரே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறார் கல்தச்சர். விழாக் குழு முடிவு செய்திருக்கும் வரி, 'மூன்றாம் கொடியை வென்று தந்தவர்.' கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள். ஆனால் அந்த வரியோடு குழுவினர் ஃபெர்ன் அம்மையாரின் வீட்டுக்குப் போனபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? அவருடைய அனுமதியோடு அப்படியே சொல்கிறேன்.

"என் புருஷன் ஊரை ஏமாத்தி ஜெயிச்சான்னு கல்லுல வெட்டி வைக்கப் போறீங்க. அதுக்கு நான் நல்ல சட்டை போட்டுக்கிட்டு வந்து துணிய வேற இழுக்கணுமா? அந்த வரி வந்தா கல்லே வேணாம். வண்டில ஏத்திக்கிட்டுப் போயிருங்க."

இதுதான் வழக்கு. கூட்டம் முடியும்போது நீங்கள் கைதூக்கித் தீர்ப்புச் சொல்லப் போகிறீர்கள். கல்தச்சர் உளியோடு காத்திருக்கிறார். அந்த ஒரு வரிதான் இங்கே பணயம். ஒரு மனிதர் இனி எந்தப் பெயரோடு இந்த வாசலில் நிற்கப்போகிறார் என்பது அதில் இருக்கிறது.

யாரது பின்னாலிருந்து? "வேணும்னேதான் பண்ணாரு, அதுல என்ன சந்தேகம்?" என்கிறீர்கள். குரலைக் கேட்டாலே தெரிகிறது, டெல்பர்ட் ஓக்ஸ். ஐயா, உங்கள் முறை வரும். அன்று தரையிலிருந்து ஆறடி உயரம் பறந்தவர் நீங்கள். உங்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியுமா?

முதல் கொடியிலிருந்து வருகிறேன்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. நதிக்கரை பேஸ்பால் லீக்கில் நம் அணிக்கு என்ன பெயர்? கடைசி இடத்துக்காரர்கள். நம்மிடம் பந்தைச் சுவருக்கு அப்பால் அடிக்கிறவன் இருந்தானா? இல்லை. காற்றாய் ஓடுகிறவன் இருந்தானா? இல்லை. இருந்தவர்கள் யார்? முழங்கால் தேய்ந்த மூத்தவர்களும், மட்டையைக் குறுக்கே நீட்டிப் பந்தை மெல்லத் தொட்டுவிட்டு ஓட மட்டுமே தெரிந்த இளையவர்களும். அந்த அணியை ஏற்றுக்கொண்ட மேலாளர் வெண்டல் க்ரௌஸ், முதல்நாள் வீரர்களைப் பார்க்கவே போகவில்லை. நேராக மண்வெட்டியோடு நின்றிருந்த ஓரின் டீக்கிடம் போனார். இறப்பதற்கு முன் க்ரௌஸ் என் ஒலிநாடாவில் சொல்லியிருக்கிறார்.

"ஏம்பா ஓரின், நம்மகிட்ட பீரங்கி இல்ல. மண்ணு இருக்கு. மண்ண வச்சு என்ன பண்ணலாம்?"

"என்ன வேணும் தலைவரே?"

"நம்ம பசங்க தொட்டுவிடுற பந்து கோட்டுக்கு வெளிய போகக்கூடாது."

"போகாது."

அவ்வளவுதான் பேச்சு. மறுவாரம் மூன்றாம் தளத்துக் கோட்டோரம் மண் விரற்கடை உயர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே போனால் அடி செல்லாது; அப்படி ஓடப் பார்க்கும் பந்து தயங்கும், திரும்பும், உள்ளே வந்து உட்காரும். நம் கிழட்டுத் தடுப்பாளர் நிற்கும் இடத்தில் புல் உயர்ந்தது, பந்து வேகம் குறைந்து அவர் கைக்கே வந்தது. ஸ்டானர்ட் ஊரின் ஆலைக்காரர் அணி வந்தால், அவர்கள் ஓட்டத்தில் சூரர்கள் அல்லவா, முதல் தளத்தருகே மண் ஈரமாக இருக்கும். முதல்நாள் மழை பெய்ததா? பெய்யவில்லை. பிறகு எப்படி ஈரம்? அதை ஓரினிடம் கேட்க வேண்டும். ஓரின் சொல்ல மாட்டார்.

ஸ்டானர்ட் மேலாளர் ஹாலிஸ் வேக் ஒவ்வொரு முறையும் இறங்கியதும் முதல் தளத்துக்கு நடந்துவந்து, காலணியால் மண்ணை ஒரு குத்து குத்துவார். சேறு தெறிக்கும். உடனே கத்துவார்: "இது மைதானமாய்யா, பன்னித் தொட்டியா?" நம் கூட்டம் பதில் சொல்லும்: "நீ வருவன்னு தெரிஞ்சுதான் தொட்டிய நிரப்பி வச்சோம்!"

சிரிக்கிறீர்கள். அந்தக் குரலும் உங்களில் ஒருவருடையதுதான்.

இது ஏமாற்றா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பந்தாட்ட ஊரில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள். எந்த ஊர் மண்ணும் அந்த ஊர்ப் பக்கம்தான் சாயும். ஸ்டானர்டுக்கு நாம் போனால் அங்கே தரை கல்லாகக் காய்ந்திருக்கும். ஆனால் ஓரினுக்கு ஒரு எல்லை இருந்தது. நான் பேசிய ஒன்பது பேரும், ஒருவர் விடாமல், அதே வார்த்தைகளில் சொன்னார்கள். அவர் அடிக்கடி சொல்வாராம்: "முதல் பந்து போடுற வரைக்கும் மண்ணு என்னுது. போட்டப்புறம் அம்பயரோடது." ஆட்ட விதியும் அதுதான். ஆனால் விதியை விதிப்புத்தகத்தில் வைத்திருப்பவர்கள் உண்டு. நெஞ்சில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஓரின் எந்த வகை? அதுதான் என் கேள்வியின் மறுபாதி.

எண்பத்தைந்து இறுதி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ். நம் ஆள் மட்டையை நீட்டித் தொடுகிறான். பந்து கோட்டோரம் உருள்கிறது. எதிரணியினர் மூன்று பேர் அதைச் சுற்றி நின்று, 'வெளியே போ, வெளியே போ' என்று தவமிருக்கிறார்கள். பந்து போகிறது, போகிறது, கோட்டைத் தொடுகிறது, யோசிக்கிறது, உள்ளே திரும்புகிறது. முதல் கொடி! எண்பத்தாறு இறுதி ஆட்டம். ஸ்டானர்டின் மின்னல்கால் ஓட்டக்காரன் முதல் தளத்துக்குப் பறந்து வருகிறான். ஈரத்தில் ஒரு கால், ஒரே ஒரு கால், அரையடி வழுக்குகிறது. அவுட். இரண்டாம் கொடி!

இரண்டு கொடியிலும் மண் இருக்கிறது. ஆனால் இரண்டிலும் வேலை முதல் பந்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தேழு வந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் அணியின் முதலாளி செய்தித்தாளில் அறிவித்தார்: தொடர்ந்து மூன்று கொடி வந்தால் அணி கெல்லர் துறையில் இருக்கும், வராவிட்டால் பெரிய நகரம் ஒன்று கேட்கிறது, அங்கே போகும். படகுத் துறை மூடி நான்காண்டு, பீங்கான் ஆலை மூடி இரண்டாண்டு. இந்த ஊருக்கு அன்று மிச்சமிருந்தது என்ன? ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு அணி. ஆறும் பாலமும் எங்கும் போகாது. அணி போய்விடும் என்றார். அணி போனால் ஓரினின் வேலையும் போகும். அவரையும் சேர்த்து மைதானத்து ஆட்கள் பதினான்கு பேரின் வேலையும் போகும்.

இறுதித் தொடர் ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனது. செப்டம்பர் பதின்மூன்று, ஞாயிறு. நாம் இரண்டு வெற்றி, ஸ்டானர்ட் இரண்டு வெற்றி. அன்று காலை ஒரு சின்ன மாற்றம் நடந்தது. சின்னது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மழை வந்தால் தரையை மூடும் தார்ப்பாயை நீங்கள் அறிவீர்கள். நூற்றெழுபது அடி நீளம், நூற்றெழுபது அடி அகலம், ஒரு டன்னுக்கு மேல் எடை. நீண்ட உருளையில் சுற்றி, எப்போதும் ஆற்றுப்பக்கச் சுவரோரம் கிடக்கும். ஏன் ஆற்றுப்பக்கம்? நம் ஊருக்கு மழையும் காற்றும் ஆற்றின் மேலிருந்துதான் வரும். ஆற்றுப்பக்கமிருந்து விரித்தால் காற்று முதுகில் தள்ளும். எழுபது வினாடியில் மைதானம் மூடிவிடும். எதிர்ப்பக்கமிருந்து, ரயில்பாதைப் பக்கமிருந்து விரித்தால் காற்று வாய்க்குள் புகும். தார்ப்பாய் பாயாக இருக்காது, பாய்மரமாகிவிடும். அன்று காலை, தலைநகரிலிருந்து விருந்தினர் வருகிறார்கள், ஆற்றுப்பக்கம் இரண்டு வரிசை நாற்காலி போட வேண்டும் என்று முதலாளி உத்தரவிட்டார். உருளையை ரயில் பக்கம் நகர்த்தினார்கள். நகர்த்தியவர் ஓரின். நகர்த்தச் சொன்னவர் முதலாளி. இது தாளில் இருக்கிறது.

நண்பகல் க்ரௌஸ் ஓரினிடம் வந்தார்.

"முட்டி எப்படி இருக்கு ஓரின்?"

"நல்லாத்தான் இருக்கு தலைவரே."

"சாயங்காலம் மழைன்னு ரேடியோல சொல்றான். மழைன்னா முட்டி வலிக்குமே உனக்கு. வலிச்சா மெதுவா நட. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"முதல் பந்து வரைக்கும்தான் தலைவரே மண்ணு என்னுது."

"அந்த மண்ணே அடுத்த வருஷம் உன்னுது இல்லடா! பேப்பர் படிச்சியா இல்லையா?"

ஓரின் சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு கோடு போடப் போய்விட்டார். க்ரௌஸ் இதைச் நாடாவில் சொல்லி முடிக்கிறார். பிறகு, "நான் கேட்டிருக்கக் கூடாதும்மா," என்கிறார்.

க்ரௌஸ் ஏன் அதைக் கேட்டார்? ஐந்து இன்னிங்ஸ் முழுதாக முடிந்த பிறகு மழையால் ஆட்டம் நின்றுபோனால், அந்நேரம் முன்னிலையில் இருப்பவர் வென்றவர். ஐந்து முடியும்வரை மழையே வேண்டாம். முடிந்தபின், முன்னால் இருந்தால், மழை போல் ஒரு வரம் இல்லை. தரையை மூடிவைத்தால் மழை விட்டதும் ஆட்டம் தொடரும்; மூடாமல் நனைந்தால் தொடராது.

ஐந்தாம் இன்னிங்ஸ் முடிந்தது. நாம் இரண்டு ஓட்டம். ஸ்டானர்ட் ஒன்று.

ஆற்றின் மேல் வானம் கறுத்தது. பாலத்தின் மறுமுனை மறைந்தது. கூட்டம் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேகத்தைப் பார்த்தது. ஆறாம் இன்னிங்ஸ் தொடங்கியது; அடிக்க வந்தது ஸ்டானர்ட். முதல் ஆள் அடித்தான், முதல் தளம் சேர்ந்தான். நம் வீச்சாளரின் கை தளர்ந்திருந்தது. இரண்டாம் ஆள் நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு நடந்தே தளம் சேர்ந்தான். இருவர் தளத்தில். ஒருவரும் அவுட் இல்லை. இன்னும் ஒரு நல்ல அடி, ஆட்டம் கைமாறும். மைதானத்தில் அப்போது எவ்வளவு அமைதி என்றால், மீன் பொரிக்கும் எண்ணெயின் சத்தம் மேல்வரிசைக்குக் கேட்டதாம்.

அந்த நேரத்தில் டெல்பர்ட் ஓக்ஸ், இருபத்தோரு வயது டெல்பர்ட், ஓரினின் பக்கம் வந்தார். ஐயா, உங்கள் முறை வந்துவிட்டது. நீங்கள் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள்.

"அண்ணே, மேகம் ஆத்துப் பக்கமிருந்து வருது. உருளைய அந்தப் பக்கம் தூக்கிட்டுப் போயிரலாமா?"

"நாற்காலில ஆளு உக்காந்திருக்காங்கடா."

"எழுப்பிரலாம்ணே. அஞ்சு நிமிஷ வேலை."

ஓரின் மேகத்தைப் பார்த்தார். தளத்தில் நின்ற இருவரையும் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார்.

சரிதானே டெல்பர்ட்? தலையாட்டுகிறார். "கூட்டத்தைப் பார்த்தார்" என்பது அவர் சொன்ன சொல். நான் சேர்த்ததல்ல.

நான்கு மணி பன்னிரண்டு நிமிடம். வானம் பிளந்தது. அம்பயர் ஹோரஸ் பிங்கம் இரு கைகளையும் தூக்கினார். ஆட்டத்தை நிறுத்து, தரையை மூடு! ஓரின் விசிலடித்தார். பதினான்கு பேரும் ஓடினார்கள். அப்போது எழுந்தது ஒரு குரல். முதலில் ஒரு மூலையில், பிறகு ஒரு வரிசையில், பிறகு ஐயாயிரத்துச் சொச்சம் தொண்டைகளில்: "மெதுவா! மெதுவா! மெதுவா!"

அவர்கள் மெதுவாகப் போகவில்லை. ஓடினார்கள். உருளையை அவிழ்த்து, ஓரத்தைப் பிடித்து, தலையைக் குனிந்து, காற்றின் முகத்துக்கு நேராக ஓடினார்கள். இருபதடி. முப்பதடி. நாற்பதடி. காற்று அடியில் புகுந்தது. தார்ப்பாய் மூச்சிழுத்தது. ஒரு டன் எடை காகிதமாக எழும்பியது. டெல்பர்ட் அதோடு எழும்பினார். "கீழ பாத்தா அம்பயர் தொப்பி மட்டும்தான் தெரிஞ்சுது" என்று இன்றும் சொல்கிறார். பன்னிரண்டு பேர் விட்டுவிட்டார்கள். டெல்பர்ட் விழுந்தார். ஒருவர் மட்டும் விடவில்லை. கயிறு கட்டிய மூலையைப் பிடித்த ஓரின், வயிற்றால் மண்ணில் இழுபட்டு, இரண்டாம் தளம் வரை போனார். பிறகு அவர் கையிலிருந்தும் போயிற்று. தார்ப்பாய் வெளிச் சுவரில் போய் அறைந்து சுருண்டது. நான்கு நிமிடத்தில் தளங்கள் மூன்றும் மிதந்தன.

கூட்டம் ஆடியது, பாடியது, அறிமுகமில்லாதவரைக் கட்டிக்கொண்டது.

ஆனால் கொடி இன்னும் வரவில்லை. கவனியுங்கள், இங்கேதான் கழுத்தில் கயிறு இறுகுகிறது. மைதானத்தார் வேண்டுமென்றே தரையைக் கெடுத்தார்கள் என்று அம்பயர் முடிவு செய்தால், ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். ஒரே வார்த்தை. பிங்கம் அரை மணி நேரம் குடைக்குள் நின்றார். ஹாலிஸ் வேக் அவர் காதருகே கத்திக்கொண்டிருந்தார்: "திருட்டுப் பயலுக சார்! எந்த மைதானக்காரன் காத்துக்கு எதிர்க்க விரிப்பான்? என் மருமகன் பிக்னிக் துணியக்கூட அப்படி விரிக்க மாட்டான்!" பிங்கம் ஓரினை அழைத்தார். அவர் எனக்கு எழுதிய கடிதத்திலிருந்து வாசிக்கிறேன்: 'சோம்பேறிக் கூட்டங்கள் பல பார்த்திருக்கிறேன். இவர்கள் சோம்பவில்லை. ஓடினார்கள். ஓடிய திசைதான் எனக்குப் புரியவில்லை. ஆகவே அவரையே கேட்டேன்.'

"டீக், வேணும்னே செஞ்சீங்களா?"

"தார்ப்பாய் போச்சு சார். மைதானம் தயாரில்ல."

"நான் அதைக் கேக்கல. வேணும்னே செஞ்சீங்களா?"

"மைதானம் தயாரில்ல சார்."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இரண்டு உள்ளங்கையிலிருந்தும் ரத்தம் வழிந்து மழையில் கரைவதைப் பிங்கம் பார்த்தார். தோல் முழுதும் கயிற்றோடு போயிருந்தது. பிங்கம் வானத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கையைத் தாழ்த்தினார். ஆட்டம் முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. மூன்றாம் கொடி. அணி தங்கியது. இன்றுவரை தங்கியிருக்கிறது. நீங்கள் அமர்ந்திருக்கும் இந்த நாற்காலிகளும் அதனால்தான் இங்கே இருக்கின்றன.

இப்போது சொல்லுங்கள். வேண்டுமென்றே செய்தவர் தோல் உரியும்வரை கயிற்றைப் பிடித்திருப்பாரா? மாட்டார் என்று தோன்றுகிறது. இருபத்திரண்டு ஆண்டு அந்தக் காற்றோடு குடித்தனம் நடத்தியவர் திசை தெரியாமல் விரிப்பாரா? மாட்டார் என்றும் தோன்றுகிறது. நாற்காலியில் இருந்தவர்களை எழுப்பத் தயங்கினாரா? தளத்தில் நின்ற இருவரைப் பார்த்துப் பயந்தாரா? ஓடத் தொடங்கியபின் மனம் மாறி இறுகப் பிடித்தாரா? சாட்சிகளைத் தராசில் போட்டுப் போட்டுப் பார்த்துவிட்டேன். முள் நடுவிலேயே நிற்கிறது. அதன்பின் பதினெட்டு ஆண்டு இங்கே வேலை பார்த்தார். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "அன்னைக்கு நல்ல மழை." வீட்டிலும் அதுதான் பதில். ஃபெர்ன் அம்மையார் தம் கணவர் அப்படிச் செய்யமாட்டார் என்று நம்புகிறார். ஆனால் கணவர் தம்மிடம் அப்படிச் சொன்னதாக ஒருபோதும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஓரினைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நம்மைப் பற்றி எனக்குத் தெரியும்!

'மெதுவா' என்று கத்தியது யார்? ஓரினா? முட்டி வலிக்கட்டும் என்று வேண்டியது யார்? அவர் ஏமாற்ற வேண்டும் என்று விரும்பியது யார்? விரும்பிப் பெற்றது யார்? பெற்றதைப் பெருமையாக்கிச் சட்டையில் அச்சடித்து, மதுக்கடையில் முதுகைத் தட்டி, "கில்லாடிய்யா நீ" என்று முப்பது ஆண்டு அவர் வாயை அடைத்தது யார்? ஒருமுறையாவது, ஒருவராவது, கை ஆறிவிட்டதா என்று கேட்டோமா? நானும் அன்று மேல்வரிசையில் இருந்தேன். பத்து வயது. தொண்டை கட்டும்வரை கத்தினேன். அந்த ஐயாயிரம் குரலில் என் குரலும் ஒன்று. அவர் கூட்டத்தைப் பார்த்தார் என்றால், என்னையும்தான் பார்த்தார். நாம் கேட்டதை அவர் கொடுத்தாரா, காற்று கொடுத்ததா, தெரியாது. நாம் கேட்டோம் என்பது தெரியும். தெரிந்ததை மறைத்துவிட்டுத் தெரியாததைக் கல்லில் வெட்டுவதா? நம் ஆசையைச் செதுக்கி அதன் மேல் அவர் பெயரை எழுதுவதா? நம் குரலை அவர் தலையில் கட்டிவிட்டு அதற்கு மாலை போடுவதா?

கைதட்ட வேண்டாம். இது கைதட்டுக்குரிய இடமல்ல.

ஃபெர்ன் அம்மையார் தம் தரப்பில் ஒரு வரி தந்திருக்கிறார். இரண்டே சொல். புகழ்ச்சி இல்லை, பழியும் இல்லை. ஓரினின் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை நான் தனியாகச் சொல்லப்போவதில்லை. மறுநாள் நடந்ததை வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும். இந்த ஊரில் அதை அறிந்தவர் ஃபெர்ன் அம்மையார் ஒருவர்தான். முப்பத்தொன்பது ஆண்டுகளாக யாரும் கேட்காததால் சொல்லவில்லை என்றார். ஹாலிஸ் வேக்கின் மகனிடமிருந்தும் அதே விவரம் எனக்கு எழுத்தில் வந்திருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதுவும் என் கேள்விக்கு விடையாகாது. குற்றம் செய்தவரும் இதைச் செய்யலாம். தவறு செய்தவரும் செய்யலாம். நடந்தது என்பதற்காக மட்டும் வாசிக்கிறேன்.

பொறுமையோடு கேட்ட தலைவருக்கும், மணியில் கை வைக்காத அவருடைய பெருந்தன்மைக்கும், மறித்தும் சிரித்தும் என்னோடு வந்த அவையோர் அனைவருக்கும், பறந்து இறங்கிய டெல்பர்ட்டுக்கும், தம் கதவைத் திறந்த ஃபெர்ன் அம்மையாருக்கும் என் நன்றி. உங்கள் எல்லோர்க்கும் இந்த ஆட்டப் பருவம் இனியதாகட்டும். வாசித்துவிட்டு இறங்குகிறேன்.

செப்டம்பர் பதினான்கு, திங்கட்கிழமை. வானம் தெளிந்திருந்தது. நகரில் வெற்றி ஊர்வலம் பதினொன்றுக்கு என்று அறிவித்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு ஓரின் மைதானத்துக்கு வந்தார். துணிக்கட்டுப் போட்ட கைகளால் வாளி பிடிக்க முடியாததால் ஃபெர்ன் வந்தார். அவர் வாளி தூக்கினார். ஓரின் முழங்காலில் நின்று பஞ்சால் நீரை ஒற்றினார். பிறகு இருவரும் காய்ந்த மணலைக் கொட்டிப் பரப்பினார்கள். பதினொன்றேகாலுக்குள் தளங்களை வைத்து, கோடுகளைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். அப்போது ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த ஸ்டானர்ட் பேருந்து வாசலில் நின்றது. ஹாலிஸ் வேக் இறங்கி வந்தார்.

"எதுக்குய்யா இதெல்லாம்? ஆட்டம்தான் முடிஞ்சுபோச்சே."

"ஆறாவது இன்னிங்ஸ். ரெண்டு பேர் தளத்துல. யாரும் அவுட் இல்ல," என்றார் ஓரின். "மைதானம் தயார்."

வேக் முதல் தளத்துக்கு நடந்தார். வழக்கம்போல் காலணியால் மண்ணை ஒரு குத்து குத்தினார். தெறிக்கவில்லை. குனிந்து கையால் தொட்டுப் பார்த்தார். மண் கெட்டியாகக் காய்ந்திருந்தது. நிமிர்ந்து, பேருந்தைப் பார்த்து இரண்டு விரல் காட்டினார். முந்தைய நாள் தளத்தில் நின்ற இருவரும் பயண உடையிலேயே இறங்கி வந்தார்கள். ஒருவர் முதல் தளத்தில் நின்றார், ஒருவர் இரண்டாம் தளத்தில். பந்து வீச யாரும் இல்லை. பிரதான வீதியிலிருந்து நம் ஊர்வலத்தின் மேளமும் எக்காளமும் கேட்டன. அந்தச் சத்தம் பாலத்தைத் தாண்டித் தேயும்வரை இருவரும் நின்றார்கள். பிறகு வேக் தொப்பியைத் தொட்டார். பேருந்து கிளம்பியது.

ஓரின் தளங்களில் பதிந்த காலடிகளை வாரி மட்டமாக்கினார். வீட்டுக்குப் போகுமுன் மைதானக் குறிப்பேட்டை ஃபெர்னிடம் நீட்டி, எழுதச் சொன்னார். ஃபெர்ன் மறுத்து, நீங்களே எழுதுங்கள் என்றார். கட்டுப்போட்ட கையால், கோணல் எழுத்தில், அவரே எழுதினார். அது இதோ என் கையில் இருக்கிறது.

'திங்கள். வெயில். காற்று மேற்கு. மைதானம் தயார். விருந்தணி வந்தது. நம் அணி வரவில்லை.'